பானெட் மேல் ஒரு பொட்டு

போன வாரம் மியூசியத்திலிருந்து நர்மதா பேசினாள். இப்போது அங்கே வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற பெண். நான் வேலையை விட்ட பிறகு வந்தவள்.

"ஐயா, க்ரீம் கலர் கார் பானெட்டுல ஒரு கறை இருக்கே, அது என்ன? புதுசா வந்திருக்கிற ஏஜென்சிக்காரங்க மிஷின் போட்டு ஈசியா எடுத்துடலாம்னு சொல்றாங்க. திங்கட்கிழமை நான் பதில் சொல்லணும்."

"வேணாம்" என்றேன்.

"ஏன்னு கேப்பாங்களே."

ஃபோனில் சொல்ல வரவில்லை. எழுதிக் கொடுங்கள் என்றாள். நான் எட்டாவதோடு நின்றவன். தெரிந்த மட்டும் எழுதுகிறேன். அதிகமாக இருப்பதை அவளே வெட்டிக்கொள்ளட்டும்.

நான் ராயபுரத்துக்காரன். பெயர் ஆரோக்கியசாமி. எண்ணூர் போகிற வழியில் ஒரு லாரி கம்பெனியில் பெயிண்ட் அடித்தேன். மீசை முளைக்கும் முன்னே உள்ளே போனேன், தலை நரைத்து வெளியே வந்தேன். நடுவில் சொல்ல அதிகமில்லை. லாரி வரும். அடிப்போம். காயும். போகும். அடுத்தது வரும். இருமல் மட்டும் என்னோடு வந்துவிட்டது.

வீட்டில் உட்கார முடியவில்லை. திருவொற்றியூரில் ஒரு பழைய கோடவுனில் வண்டி மியூசியம் திறக்கிறார்கள், பெயிண்ட் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.

நம் நாட்டில் வண்டி வந்த கதையை அங்கே வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். வாசலில் இருப்பது கப்பலில் முழுசாக வந்து இறங்கிய கார். அடுத்தது, பெட்டி பெட்டியாக நம் ஹார்பரில் இறங்கி, இங்கே ஆட்கள் முடுக்கிச் சேர்த்த கார். அப்புறம் பாதி இங்கே செய்தது, முழுசும் இங்கே செய்தது. மூக்கு நீண்ட லாரி, ஸ்கூட்டர், ஆட்டோ, போலீஸ் ஜீப். கடைசியில், ஊரில் எல்லோரும் தவணை கட்டி வாங்கிய சின்னக் கார். வருகிறவர்கள் பெரும்பாலும் விறுவிறுவென்று நடந்துவிட்டு ஜீப் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

எங்களுக்கு மேலே மேடம். என் மகள் வயதிருக்கும். தாம்பரத்திலிருந்து ரயில் மாறி வருவார். கான்வாஸ் ஷூ, தோளில் ஒரு பை, பையில் எப்போதும் டார்ச். கத்தவே மாட்டார். கோபம் வந்தால் பேச்சு மெதுவாகும், மரியாதை கூடும். "ஆரோக்கியசாமி, இங்க வாங்க" என்றால் பயமில்லை. "ஐயா, ஒரு நிமிஷம் வர முடியுமா" என்றால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது.

முதல் நாள் என்னை ஒரு கார் முன்னால் நிறுத்தினார். நான் பழக்கத்தில் மட்கார்டைத் தடவினேன். பெயிண்ட் அடிக்கிறவனுக்குக் கண் விரலில்தான் இருக்கும்.

"ஐயா, கையைப் பின்னால கட்டிக்குங்க. அப்புறம் பாருங்க."

கட்டிக்கொண்டேன். அவரும் அப்படியே நின்றார். டார்ச்சை மட்டும் வாயில் கவ்விக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னாண்ணே, போலீஸ் ஸ்டேஷன்ல குந்த வெக்கிறதுக்கு முன்னாடி நிக்கிற மாரி நிக்கிற."

அதுதான் ஏகாம்பரம். துடைக்கிற வேலைக்குக் கான்ட்ராக்டில் எடுத்திருந்தார்கள். காத்திவாக்கம் ஆள். அண்ணன் தம்பி எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்குக் கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி. "மீன் பாத்து சிரிக்குதுடா" என்று அண்ணன்மார் கரையிலேயே விட்டுவிட்டார்களாம். இவன் லாரிக்குப் போனான். ஹார்பர் கேட்டிலிருந்து மூக்கு லாரியில் கரி, அரிசி, உரம் எல்லாம் ஓட்டினான். பிறகு ஒரு கண்ணில் புரை விழுந்து, ஆபரேஷன் சரியாக வராமல், லைசென்ஸைப் புதுப்பிக்க முடியவில்லை. ஓட்ட முடியாவிட்டாலும் வண்டி பக்கத்தில் இருந்தால் போதும் என்று இந்த வேலைக்கு வந்தான். மத்தியானச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு மூக்கு லாரிக்கு எதிரே போய்த்தான் உட்காருவான்.

வேலை என்னவென்று சொல்கிறேன். நர்மதாவுக்குத் தெரியும், ஏஜென்சிக்காரர்களுக்குத் தெரிந்தால் நல்லது.

காலையில் வந்ததும் வண்டியைப் பார்க்கக் கூடாது. தரையைப் பார்க்க வேண்டும். எதற்கடியிலாவது எண்ணெய் சொட்டியிருக்கிறதா, எலிப் புழுக்கை கிடக்கிறதா என்று. பிறகு கடல் பக்கக் கதவு. காற்று அங்கிருந்து அடித்தால் திறக்கக் கூடாது, உப்பு வரும். வடக்கிலிருந்து அடித்தாலும் திறக்கக் கூடாது, பவர் ஹவுஸ் சாம்பல் வரும். எந்தப் பக்கமும் அடிக்காத நாள் எண்ணூர் பக்கம் கிடையாது. அதனால் கதவு மூடியேதான் இருக்கும்.

சாம்பல் பார்க்க மாவு மாதிரி இருக்கும். துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்ட மாதிரி கீறும். ஆட்டு முடி பிரஷால் மெல்லத் தள்ள வேண்டும். தள்ளுகிற தூசி போய் விழுகிற இடத்தில் வாக்குவம் குழாயைப் பிடிக்க வேண்டும். குழாய் வாயில் கொசுவலைத் துணி கட்டியிருக்கும், பழைய பெயிண்ட் ஏதாவது உதிர்ந்தால் வலையில் தங்கட்டும் என்று. எப்போதும் முன்னாலிருந்து பின்னால். தண்ணீர் இல்லை, ஷாம்பூ இல்லை, பாலிஷ் இல்லை.

டயரில் பாரம் இருக்கக் கூடாது. அடியில் ஸ்டாண்டு கொடுத்து, டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். மாதா மாதம் சக்கரத்தைக் கால் வட்டம் திருப்ப வேண்டும். இது ஏகாம்பரம் வேலை. திருப்பும்போது வண்டியோடு பேசுவான். "இன்னா நைனா, கால் மரத்துப்போச்சா" என்பான்.

இதெல்லாம் எனக்குச் சுலபமாக வரவில்லை. வாழ்நாள் முழுக்கப் பளபளப்பாக்கினவன் நான். இங்கே பளபளப்பாக்காமல் இருப்பதற்குச் சம்பளம். கண்ணெதிரே மங்கிப்போன பெயிண்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். மேடம் ஒரு முறை சொன்னார்: "இந்த பெயிண்ட்டை அடிச்சவர் இப்ப இல்லை. அவர் கைவேலை இது ஒண்ணுதான் மிச்சம். அதுக்கு மேல நீங்க அடிச்சா உங்க வேலைதான் தெரியும்." அதற்குப் பிறகு எனக்குக் கை அரிக்கவில்லை.

க்ரீம் கலர் கார் வந்தது அடுத்த வருஷம். பெட்டியில் வந்து இங்கே சேர்த்த கார் என்று சொன்னேனே, அதுதான். அந்த மாதிரி கார்கள் வேறு இடங்களிலும் உண்டு. ஆனால் முதலில் அடித்த பெயிண்ட் அப்படியே இருக்கிற கார் கிடைப்பது அபூர்வம். கொடுத்தவர் தமிழரசி அம்மா. புரசைவாக்கத்தில் இருந்தார், காலேஜில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். அப்பா வாங்கிய கார். இரவலாகத்தான் கொடுத்தார். எப்படிக் கொடுக்கிறேனோ அப்படியே இருக்க வேண்டும் என்பது மட்டும் அவர் கேட்டது.

கார் வந்த வாரம் ரோலிங் ஷட்டர் இறங்கி வாட்ச்மேன் காலை நசுக்கியது. அடுத்து ஈரம் உறிஞ்சுகிற மிஷின் புகைந்துபோனது. பிறகு எனக்கு டைஃபாய்டு. ராசியில்லாத வண்டி என்று டீ குடிக்கிற இடத்தில் பேச்சு வந்தது.

"ராசி இன்னாண்ணே பண்ணும்" என்றான் ஏகாம்பரம். "வூட்டுக்குப் புச்சா வந்துகீது. ஒரு பழம் நசுக்கல, ஒரு சூடம் கொளுத்தல. அப்டியே இஸ்துகினு வந்து நிக்க வெச்சிட்டோம். அதுக்கும் ரோசம் இருக்காதா."

நான் சிரித்தேன். அதோடு விட்டுவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. லாரி கம்பெனியில் நாங்கள் எல்லா மதமும் சேர்ந்துதான் கும்பிடுவோம். பெயிண்ட் கன்னுக்குப் பொட்டு வைப்பது நான்தான். மியூசியத்தில் மேடம் முன்னாலேயே சொல்லிவிட்டார்: பூஜை பண்ணுங்க, வண்டி மேல எதுவும் வைக்காதீங்க. சுவரோரம் மேஜை போட்டு, படம் வைத்து, ஜாக்கி, ஸ்பானர், பிரஷ், வாக்குவம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். பொரி தின்றோம். பூட்டிக்கொண்டு போனோம். மறுநாளும் லீவு.

லீவு முடிந்து காலையில் தரையைப் பார்த்தபடி வந்தேன். க்ரீம் கலர் காருக்கு முன்னால் சிவப்பாக ஒரு துளி காய்ந்து கிடந்தது. நிமிர்ந்தேன். பானெட் நடுவில், மனிதனுக்கு நெற்றி இருக்கிற இடத்தில், கட்டை விரல் அகலத்துக்கு ஒரு பொட்டு. அதிலிருந்து ஒரு கோடு கீழே வழிந்திருந்தது.

யார் என்று கேட்க வேண்டியதில்லை. ஏகாம்பரம் பின்னாலேயே நின்றிருந்தான்.

"இன்னாடா பண்ணி வெச்சிகீற."

"நீங்கள்லாம் பொரி துண்ணுகினு இருந்தப்போ ஆரத்தி எட்த்தேண்ணே. மஞ்சா, சுண்ணாம்பு. வூட்டுலேர்ந்து கரைச்சி எட்த்துகினு வந்தேன். மேல துளி குங்குமம். வெச்சிட்டு அப்பவே துடைச்சிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள லைட்டை நிறுத்திட்டாங்கோ."

சுண்ணாம்பு பழைய பெயிண்டைத் தின்னும். இப்போது கடையில் விற்கிற குங்குமத்தில் சாயம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து லீவு முழுக்க ஊறியிருக்கின்றன.

"அண்ணே, நீ பெயிண்ட்டுக்காரன். மேடம் வர்றதுக்குள்ள தேச்சி எட்த்துடுண்ணே. பேஜாரா பூடும். வேலையே பூடும்."

என் அலமாரியில் பெயிண்டைத் தேய்த்து மெருகேற்றுகிற காம்பவுண்ட் இருந்தது. துணியும் இருந்தது. மேடம் ரயில் வர நேரமும் இருந்தது. நான் குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் பார்த்தேன். அந்த பெயிண்ட் வெங்காயத் தோல் அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. தேய்த்தால் பொட்டு போகும். கூடவே பெயிண்டும் போகும். அடியில் செம்மண் நிறத்தில் முதல் பூச்சு, பிரைமர், தெரியும். இந்தப் பொட்டுக்குப் பதில் இன்னும் பெரிய பொட்டு.

"முடியாதுடா" என்றேன். காரணமும் சொன்னேன்.

அவன் மூக்கு லாரிக்கு எதிரே போய் உட்கார்ந்துவிட்டான்.

மேடம் வந்தார். பையை இறக்கவில்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை.

"ஐயா, கொஞ்சம் பஞ்சு கொண்டு வர முடியுமா."

மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றினார். சுத்தம் செய்த தண்ணீரில் நனைத்து, கையில் ஒற்றி, முதலில் பானெட்டைத் தூக்கி உள் விளிம்பில், யாரும் பார்க்காத இடத்தில் வைத்துப் பார்த்தார். அங்கே பெயிண்ட் கரையவில்லை என்று தெரிந்த பிறகுதான் வெளியே வந்தார். தேய்க்கவில்லை. உருட்டினார். ஒரு பஞ்சுக்கு ஒரு உருட்டல், பிறகு அதைத் தூக்கி வெள்ளைத் தாளில் வைத்து வெளிச்சத்தில் பார்ப்பார். சிவப்பு. மறுபடி உருட்டல். சிவப்பு. மறுபடி. மஞ்சள். வழிந்த கோடு மெல்ல மறைந்தது. அன்று முழுக்க இதுதான். மறுநாளும் இதுதான். நான் பஞ்சு சுற்றிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு பஞ்சு க்ரீம் கலரில் வந்தது.

"போதும்" என்றார். "இதுக்கு மேல வர்றது கார்."

பொட்டு நின்றுவிட்டது. வெளிறியிருந்தது, அவ்வளவுதான்.

தமிழரசி அம்மாவுக்கு மேடமே ஃபோன் செய்தார். மேலே ஆபீசில் கான்ட்ராக்ட் ஆளை உடனே நிறுத்து என்றார்கள். அம்மா வந்து பார்க்கட்டும், பிறகு செய்யலாம் என்று மேடம் தள்ளிவைத்தார். அந்த நாட்களில் ஏகாம்பரம் எதையும் தொடவில்லை. வருவான். லாரிக்கு எதிரே உட்காருவான். போவான்.

அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். அப்போதெல்லாம் அவரால் நடக்க முடிந்தது, கையில் ஒரு தடி. பொட்டைப் பார்த்தார். முகம் மாறவில்லை.

"எங்க அண்ணன்கிட்டேயிருந்து காப்பாத்தினேன், அவன் விக்கணும்னான். வெயில்லேயிருந்து காப்பாத்தினேன். தெருப் பசங்ககிட்டேயிருந்து காப்பாத்தினேன். உங்ககிட்ட குடுத்தேன். யார் பண்ணது?"

மேடம் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம் வந்துவிட்டான்.

"நான்தாம்மா."

"எதுக்கு?"

"வூட்டுக்குப் புச்சா வந்துச்சு. யாரும் ஆரத்தி எடுக்கல. அதாம்மா."

அந்த அம்மா அவனை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க அப்பா கறுப்புச் சட்டைக்காரர். இந்தக் கார் வாங்கின அன்னிக்கு, சக்கரத்துக்கு அடியில வைக்க எலுமிச்சம்பழம் கொண்டு வந்தாங்க. அவர் அதை வாங்கிட்டு வந்து எங்க எல்லாருக்கும் ஜூஸ் போடச் சொன்னார். அவர் இருந்தவரைக்கும் இதுக்கு ஒரு பொட்டு கிடையாது, ஒரு மாலை கிடையாது. அவருக்குப் பிறகு நானும் வைக்கல."

ஏகாம்பரத்துக்கு அது நம்ப முடியாத சேதியாக இருந்தது. வேலை போகப் போகிறது என்பதையே மறந்துவிட்டான்.

"டைவரு கூடவாம்மா வெக்கல? ஒர்த்தன் கூடவா?"

"டிரைவரே கிடையாது. அவர்தான் ஓட்டினார்."

"ஒரு ஆக்சிடென்டு..."

"ஒரு கீறல் கிடையாது. நீ வெச்சதுதான் முதல் கீறல்."

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். மேடம், காரைத் திருப்பி எடுத்துக்கொள்வதானால் நாளைக்கே அனுப்பி வைக்கிறேன் என்றார். இவரையும் வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

"கார் எங்கே போகும், என் வீட்டை இடிக்கப்போறாங்க" என்றார் அம்மா. "இவனை அனுப்பிட்டா அது அழிஞ்சிடுமா? இருந்துட்டுப் போகட்டும். ஆனா இனிமே இவன் கை என் கார் மேல படக் கூடாது. கார் முன்னால விவரம் எழுதி வைக்கிற பலகையில நடந்ததை எழுதுங்க. எங்க அப்பா பொட்டு வெச்சார்னு நாளைக்கு எவனும் சொல்லிடக் கூடாது."

அப்படியே நடந்தது. பலகையில் கடைசி வரியாக, பானெட்டில் உள்ள அடையாளம் மியூசியத்துக்கு வந்த பிறகு ஏற்பட்டது, உரிமையாளர் குடும்பத்தின் வழக்கம் அல்ல என்று மேடம் எழுதினார். ஏகாம்பரத்தை வெளி கேட்டுக்கு மாற்றினார். உள்ளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சம்பளம் அதேதான். வேலை போகவில்லை. ஆனால் கேட்டிலிருந்து ஒரு வண்டியும் தெரியாது. கோடவுனின் பின்சுவர்தான் தெரியும். தூக்கை எடுத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவான். சாயங்காலம் நான் வெளியே வரும்போது கேட்பான்.

"சக்கரம் திருப்பினியாண்ணே?"

"திருப்பினேன்."

"மூக்கன் எப்டி கீறான்?"

"கீறான்."

வருஷங்கள் இப்படியே போயின. மேடமுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனார். போகும்போது என்னிடம் டார்ச்சைக் கொடுத்தார். தமிழரசி அம்மா வருஷத்துக்கு ஒரு தரம், அப்பா பிறந்த நாளில் வருவார். கேட்டில் ஏகாம்பரம் எழுந்து நிற்பான். அவர் பார்க்காமல் போவார். இருவருக்கும் வயதாகிக்கொண்டிருந்தது.

ஒரு வருஷம் அவர் சக்கர நாற்காலியில் வந்தார். கொண்டுவந்த பெண் ஆட்டோக்காரனுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அழைத்துப்போக கேட்டுக்கு வந்தேன். அதற்குள் அவர் ஏகாம்பரத்தைப் பார்த்துச் சொன்னார்:

"தள்ளு."

"நான் உள்ள போவக் கூடாதும்மா. நீங்கதான் சொன்னீங்கோ."

"கை படக் கூடாதுன்னேன். நாற்காலியைத் தள்ளக் கூடாதுன்னு சொல்லல."

அவன் என்னைப் பார்த்தான். நான் வழிவிட்டு ஒதுங்கினேன். தள்ளிக்கொண்டு போனான். க்ரீம் கலர் கார் முன்னால் நிறுத்தினான். நாற்காலியை விட்டதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். மேடம் சொன்னதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறான்.

அம்மா வெகுநேரம் பானெட்டைப் பார்த்தார்.

"எங்க அப்பா இருந்திருந்தா உன்னைத் திட்டியிருப்பார்."

"திட்டட்டும்மா."

"காபி குடுத்துட்டுத்தான் திட்டுவார்."

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. திரும்பும்போது, "மூக்கு லாரியாண்ட கொஞ்சம் நிக்கட்டாம்மா?" என்று கேட்டான். நில்லு என்றார். நின்றான். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"முன் சக்கரம் திருப்பலியாண்ணே?"

"அதையும்தாண்டா திருப்பினேன்."

"எனக்குத் தெர்லண்ணே." இன்னொரு கண்ணும் போய்க்கொண்டிருந்தது.

அவன் உள்ளே வந்தது அந்த ஒரு தரம்தான். அம்மா இறந்த பிறகு காரை மியூசியத்துக்கே எழுதிக் கொடுத்திருந்தது தெரிந்தது. போன மழையில் ஏகாம்பரமும் போய்விட்டான். நான் போனபோது காத்திவாக்கத்தில் அவன் வீட்டு வாசலில் அண்ணன்மார் வலைக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது புது ஸ்க்ரீன்கள் வைத்திருக்கிறார்கள், விரலால் தொட்டால் கார் பேசுகிறதாம். அவற்றை வைத்தபோது பழைய பலகைகளை எடுத்துவிட்டார்கள். அதனால்தான் நர்மதாவுக்கு அது கறையாகத் தெரிகிறது.

திங்கட்கிழமை வரை பொறுக்கவில்லை. நேற்றே நேரில் போனேன். கேட்டில் வேறு யாரோ இருந்தார்கள். ஏஜென்சி ஆள் ஒருவர் அளவு பார்க்க வந்திருந்தார். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். மிஷினைக்கூடக் கொண்டு வந்திருந்தார்.

"பெரியவரே, நீங்களும் பெயிண்ட் லைனாமே. தொட்டுப் பாருங்க. மேலாக்கத்தான் இருக்கு. போயிடும்."

நான் குனிந்து பார்த்தேன். கை தன்னாலே பின்னால் போயிருந்தது.

"போவும்பா" என்றேன். "அதான் வேணான்றேன்."